பித்தப்பை எடுத்த பிறகு சாப்பாட்டில் நடக்கும் தவறுகள்

அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்து நான்காம் நாள். சித்தி ஒரு தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். ஆபரேஷன் ஆன உடம்புக்குத் தெம்பு வரவேண்டும் என்ற அக்கறைதான். அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் வாளியை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் மூடியைத் திறந்தால், மேலே விரற்கடை கனத்துக்கு வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து கிடந்தது. கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்டது. சுடச்சுடக் குடித்திருந்தால் அவ்வளவும் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தது: கொழுப்பு குறைவான உணவு. எவ்வளவு குறைவு, எத்தனை நாளைக்கு என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

பை போனால் பித்தநீரும் போச்சு என்று நினைப்பது

கொழுப்பை ஜீரணிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு. 30 முதல் 50 மில்லிதான் பிடிக்கும். கல்லீரலிலிருந்து வரும் நீரை வாங்கி, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, கெட்டியாக்கி வைத்திருக்கும். எண்ணெய்ச் சாப்பாடு சிறுகுடலுக்குள் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். உடனே பை சுருங்கி, கெட்டியான பித்தநீரை மொத்தமாக அனுப்பும்.

பையை எடுத்த பிறகு இந்த மொத்த அனுப்புதல்தான் நின்றுபோகிறது. பித்தநீர் தண்ணியாக, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே கொஞ்சம் கொழுப்பு வந்தால் சமாளித்துவிடும். ஒரே நேரத்தில் நான்கு பூரியும் குருமாவும் வந்தால் திணறும். ஜீரணமாகாத கொழுப்பு பெருங்குடலுக்குப் போய் வயிறு உப்புசம், பொருமல், பேதி என்று காட்டும். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாவற்றையும் நாமே யோசித்து முடிவு செய்யலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பித்தப்பையில் கல் என்றதும் சிறுநீரகக் கல் நினைவுக்கு வந்து வாழைத்தண்டு ஜூஸ் அரைத்துக் கொடுக்கிறார்கள். பித்தப்பைக் கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாழைத்தண்டுப் பொரியல் நல்ல சாப்பாடு, பிடித்தால் சாப்பிடட்டும். மருந்தாக வெறும் வயிற்றில் குடிக்க வேண்டியதில்லை.

இட்லிதானே என்று தொட்டுக்கொள்வதை மறப்பது

அம்மாவுக்கு முதல் பேதி ஆனது சூப்பால் இல்லை. அந்தக் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு, கீழே இருந்த தெளிவை மட்டும்தான் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வயிற்றைக் கலக்கியது மூன்று இட்லிக்கு ஒரு கிண்ணம் தேங்காய்ச் சட்னி. இட்லியில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தேங்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நிலக்கடலையில் பாதி. இட்லிப்பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூனே கிட்டத்தட்ட 5 கிராம். நாம் ஒரு டீஸ்பூனோடு நிறுத்துவதும் இல்லை.

முதல் சில வாரங்களுக்கு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர், குழைய வேகவைத்த பருப்பு, சுரைக்காய், பீர்க்கங்காய் போதும். தொட்டுக்கொள்ளச் சாம்பாரோ தக்காளிச் சட்னியோ இருக்கட்டும், தேங்காய்ப்பாலைத் தள்ளிவைக்கலாம். பாலும் அப்படித்தான்: ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, டோன்டு பாலில் 3 சதவீதம். பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்கலாம். அசைவம் வேண்டுமென்றால் தோல் உரித்த கோழி, எண்ணெய் மிதக்காத மீன் குழம்பு, முட்டையின் வெள்ளைக்கரு. மட்டன் கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.

எண்ணெயே கூடாது என்று ஆயுசுக்கும் பத்தியம் இருப்பது

இதற்கு நேர் எதிரான தவறு இது. பயத்தில் வருஷக்கணக்காகக் கஞ்சியும் ரசமுமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவசியமே இல்லை. வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதம் போல ஆனதும் வழக்கமான சாப்பாடு ஒத்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

திரும்பச் சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும், அதுவும் கொஞ்சமாக. இன்று பருப்பு சாதத்தில் அரை ஸ்பூன் நெய். இரண்டு நாள் பார்த்துவிட்டு முட்டை மஞ்சள்கரு. அதன் பிறகு ஒரு தோசை. நாங்கள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்ன சாப்பிட்டார், வயிறு எப்படி இருந்தது என்று எழுதி வைத்தோம். மூன்றாவது வாரம் அதைப் புரட்டியபோதுதான், அம்மாவுக்கு நெய் பிரச்சினையே இல்லை, வெறும் வயிற்றில் குடிக்கும் காலைக் காபிதான் ஓடவைக்கிறது என்று தெரிந்தது. காபியை இட்லிக்கு அப்புறம் மாற்றினோம், சரியாகிவிட்டது. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் தரும் பட்டியலைவிட உங்கள் தாளை நம்புங்கள்.

காலையில் பட்டினி, மதியம் ஒரேயடியாக

பித்தநீர் சொட்டிக்கொண்டே இருப்பதால், நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் கலந்து வேலை செய்ய உணவில்லாமல் அது குடலில் சேரும். விரதம் இருந்துவிட்டு விருந்துச் சாப்பாட்டில் உட்காருவது இந்த உடம்புக்கு ரொம்பவே சிரமம். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே நல்லது.

நார்ச்சத்து நல்லது என்று கேட்டுவிட்டு முதல் வாரமே கீரை, முளைகட்டிய பயறு, கொண்டைக்கடலை என்று அடுக்கினால் காற்றுதான் சேரும். மெல்லக் கூட்டுங்கள். பேதி போகிறவர்களுக்கு ஓட்ஸ், ஆப்பிள், கேரட் போன்ற கரையும் நார்ச்சத்து உதவும். அது பித்தநீரிலுள்ள பித்த அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும்.

தொடர் பேதியைப் பழகிக்கொள்வது

பித்த அமிலங்கள் அதிகமாகப் பெருங்குடலுக்குப் போனால், அங்கே தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். பலருக்கு இது சில வாரங்களில் தானாக அடங்கும். அடங்காவிட்டால், 'ஆபரேஷன் பண்ணினால் இப்படித்தான்' என்று வருஷக்கணக்காக வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிடாதீர்கள். இதற்கு மருந்து இருக்கிறது. பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும் கொலஸ்டிரமின் என்ற பொடியை மருத்துவர் எழுதித் தரலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரையாலும் பேதி ஆகலாம். நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம்.

எல்லா வலியையும் கேஸ் என்று விட்டுவிடுவது

சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயுவை நிரப்புவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கலாம். அது தானாகப் போய்விடும். ஆனால் வலது மேல்வயிற்றில் கடுமையான வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், காப்பி நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பையை எடுத்தாலும் பித்தக்குழாயில் ஒரு கல் தங்கியிருக்கலாம். பித்தநீர் கசியவும் வாய்ப்புண்டு. ஓமத் தண்ணீரும் ஜெலுசிலும் இதைச் சரிசெய்யாது.

சாப்பாட்டோடு சேராத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் ரிப்போர்ட் நாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தயாராகும். தையல் பிரித்தாச்சு, வலி இல்லை என்று பலர் அதை வாங்கப் போவதே இல்லை. அரிதாகச் சிலருக்குப் புற்றுநோய் அதில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. தையல் பிரிக்கப் போகிற அன்றே ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே காட்டிவிட்டு வாருங்கள்.