த்ராஷும் மெட்டல்கோரும் எங்கே கலக்கின்றன? ‘அசெண்டன்சி’ ஆல்பத்தைக் காதால் பிரித்தறியும் முறை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஆர்லாண்டோ நகரைச் சேர்ந்த ட்ரிவியம் குழு, 2005 மார்ச்சில் ‘அசெண்டன்சி’ ஆல்பத்தை வெளியிட்டது. அப்போது அதன் பாடகரும் கிட்டார் கலைஞருமான மேட் ஹீஃபிக்கு வயது 19தான். கனத்த மின்கிட்டார் இசையான ஹெவி மெட்டலின் இரு கிளைகளான த்ராஷ் மெட்டலையும் மெட்டல்கோரையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவந்த இளைஞர்களின் ஆல்பம் என்று இதைப் பலரும் சொல்வார்கள். ஆனால் முதன்முறை கேட்பவருக்கு இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் தோன்றும். பிரித்தறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் குரலையே பிடித்துக்கொள்கிறார்கள். அலறினால் மெட்டல்கோர், வேகமாகப் போனால் த்ராஷ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அந்த வழி நெடுந்தூரம் கொண்டுசெல்வதில்லை. கலப்பின் தடயம், ‘டப்’ என்று கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்மான ஸ்னேரிலும் கிட்டார் வாசிப்பவரின் வலது கையிலும்தான் கிடைக்கிறது.

கேட்பதற்கு முன் ஒரு நல்ல இயர்போனை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த ஆல்பத்தை முதலில் கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டதால், காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மின் அடிகள் முழுவதும் காணாமல்போய், மேலே சிம்பலின் சலசலப்பு மட்டுமே எஞ்சியது. அந்த நிலையில் இவ்விசையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. பிற்காலப் பதிப்பில் கூடுதல் பாடல்கள் சேர்ந்திருப்பதால், முதல் பதிப்பின் 12 பாடல்களை மட்டும் அவற்றின் வரிசையிலேயே ஒருமுறை நிறுத்தாமல் கேட்டு முடித்துவிட்டு, இரண்டாம் முறையிலிருந்து ஆராயத் தொடங்குங்கள்.

இரண்டாம் முறை ஸ்னேரை மட்டும் பின்தொடருங்கள். பியானோவில் ஒலிக்கும் சிறு முன்னுரை முடிந்து ‘ரெயின்’ பாடல் தொடங்கியதும், தொடையில் தட்டியபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராக எண்ணுங்கள். வழக்கமான ராக் தாளத்தில் ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் விழும். த்ராஷ் தாளத்தில் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவிலுள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் அது விழுவதால், எண்ணிக்கை மாறாமலே பாட்டு இரு மடங்கு விரைவாக ஓடுவதுபோல் இருக்கும். மெட்டல்கோரின் அடையாளமான, பிரேக்டவுன் எனப்படும் கனத்த பகுதி வரும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. ஸ்னேர் மூன்றில் மட்டும் விழுகிறது. மேல்காலத்தில் போய்க்கொண்டிருந்த பாட்டு சட்டென்று கீழ்க்காலத்துக்கு இறங்கியதுபோல் உடம்பே உணரும். அடியில் ஓடும் துடிப்பு மாறியிருக்காது என்பதைத் தொடையில் தட்டும் உங்கள் கையே காட்டிக்கொடுக்கும். தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இந்தப் பயிற்சி எளிதில் கைவரும். ஒரு பாடலில் ஸ்னேர் இடம் மாறும் ஒவ்வொரு நேரத்தையும் நிமிடம், நொடி என ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். பாடல் முடியும்போது, அது எத்தனை துண்டுகளாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்பது அந்தத் தாளில் தெரியும்.

அடுத்தது வலது கை. 1980களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வேரூன்றிய த்ராஷ், கிட்டாரைத் தாள வாத்தியம்போல் கையாண்டது. உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் மேல் லேசாகப் பதித்து, தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கை மேலிருந்து கீழாகவே அடுக்கடுக்காக அடிக்கும்போது வரும் அடைபட்ட ‘ஜக ஜக’ ஒலிதான் அதன் உயிர். இந்த ஆல்பத்தின் ரிஃபுகளில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளில், அதே கை வேலை செய்கிறது. ஆனால் தடித்த ஆறாம் தந்தி ஈ சுரத்திலிருந்து டி சுரத்துக்கு இறக்கப்பட்டிருக்கிறது. டிராப் டி எனப்படும் இந்தச் சுருதியில் கீழ் மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தி, ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து ஒலிக்கும் பவர் கார்டு பிடிக்கலாம் என்பதால், பிரேக்டவுனுக்கு வேண்டிய கனமான வெட்டு எளிதாகிறது. கையில் கிட்டார் உள்ளவர்கள் ஆறாம் தந்தியை இறக்கி, எட்டு அடிகளை அடைத்தும் ஒன்பதாவதைத் திறந்துவிட்டும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். விளக்கிச் சொல்வதைவிட விரைவாகப் புரியும்.

மூன்றாவதாக, இரண்டு கிட்டார்கள் சேர்ந்து பாடும் இடங்களுக்கு வாருங்கள். ‘எ கன்ஷாட் டு தி ஹெட் ஆஃப் ட்ரெபிடேஷன்’ இதற்கு ஏற்ற பாடல். ஹீஃபியும் குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான கோரி பியூல்யூவும் சேர்ந்து வாசிக்கும் மெட்டுகளில், ஒருவர் ஸட்ஜத்தில் நிற்கும்போது மற்றவர் காந்தாரத்தில் நிற்பதுபோன்ற இடைவெளி தொடர்ந்து கேட்கும். இந்த இரட்டை மெட்டு பிரிட்டிஷ் ஹெவி மெட்டலில் வேர்பிடித்து, 1990களில் சுவீடனின் யொத்தெபோரி நகரத்துக் குழுக்களிடம் வேகமும் கடுமையும் பெற்று, அங்கிருந்து அமெரிக்க மெட்டல்கோருக்கு வந்து சேர்ந்தது. ஆகவே இனிமையான மெட்டு கேட்டவுடன் அது மெட்டல்கோரின் சொந்தச் சொத்து என்று எழுதிவிடாதீர்கள். அதே பாடலில் தனி வாசிப்புகள் தொடங்கியதும் மெட்டைக் கொஞ்சம் மறந்து, பின்னால் டிராவிஸ் ஸ்மித்தின் டிரம்மும் பாவ்லோ கிரெகலெட்டோவின் பேஸும் என்ன செய்கின்றன என்று கேளுங்கள். தனி வாசிப்புக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவது த்ராஷின் குணம். அக்கால மெட்டல்கோர் குழுக்கள் பலவும் அதைச் சுருக்கியே வைத்திருந்தன.

குரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலறலும் தெளிவான பாட்டும் மாறி மாறி வருவது மெட்டல்கோரின் வழக்கம். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ‘டையிங் இன் யுவர் ஆர்ம்ஸ்’ தெளிவான பாட்டின் பக்கமே சாய்ந்திருக்கிறது. அதையும் ஏறக்குறைய ஏழு நிமிடம் நீளும் இறுதிப் பாடலான ‘டிக்ளரேஷன்’ஐயும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆல்பத்தின் இரு முனைகளும் பிடிபடும்.

ஒலிக்கலவையையும் தவறவிடக்கூடாது. ஜேசன் சூக்காஃபும் ஹீஃபியும் தயாரித்த இப்பதிவுக்கு மிக்ஸிங் செய்தவர் இங்கிலாந்தின் ஆண்டி ஸ்னீப். அவர் சாபத் என்ற த்ராஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர். 2004இல் த்ராஷ் முன்னோடிகளான எக்ஸோடஸின் ஆல்பத்தைத் தயாரித்த அவரே, அதே ஆண்டில் மெட்டல்கோரின் முன்னணிக் குழுவான கில்ஸ்விட்ச் எங்கேஜின் ஆல்பத்துக்கும் மிக்ஸிங் செய்தார். அத்தனை வேகத்திலும் பேஸ் டிரம்மின் ஒவ்வோர் அடியும் கிட்டாரின் ஒவ்வொரு வெட்டோடும் ஒட்டி, தனித்தனியாகக் கேட்கிறதே, அந்தத் துல்லியத்தில் இரு தரப்பையும் அறிந்த அவருடைய காதுக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவும் பழகியபின் காதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இதே குழு 2006இல் வெளியிட்ட ‘தி க்ரூசேட்’ ஆல்பத்தில் அலறலைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு த்ராஷின் பக்கம் நகர்ந்தது. அதிலிருந்து ஏதேனும் ஒரு பாடலை எடுத்து, ‘ரெயின்’ பாடலுக்குச் செய்ததுபோலவே ஸ்னேர் மாறும் நேரங்களை வேறொரு தாளில் குறியுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, ஸ்னேர் மூன்றில் மட்டும் விழும் இடங்கள் எதில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.