முழு ஆல்பத்தையும் மேடையில் கேட்கப் போகிறவர்களுக்கு

பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் ஓர் இசைக்குழு, தன் பெயர்பெற்ற ஆல்பம் ஒன்றை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை மேடையில் இசைக்கப் போவதாக அறிவித்தால், அதை வழக்கமான கச்சேரியாக எண்ணிப் போகக் கூடாது. மற்றக் கச்சேரிகளில் அடுத்து எந்தப் பாட்டு வரும் என்ற ஆவல்தான் அரங்கைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே அடுத்த பாட்டு எது என்பது வந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதை எப்படி இசைக்கப் போகிறார்கள் என்பது மட்டுமே தெரியாது. ஆகவே, அந்த வேறுபாட்டைக் கேட்டு உணரும் அளவுக்குக் காதைப் பழக்கிக்கொண்டு போவதே இதற்கான ஆயத்தத்தில் பெரும்பகுதி.

டிக்கெட் வாங்கும் முன் அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். ஓர் ஆல்பத்தின் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் சுற்றுப்பயணம் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த ஆல்பம் முழுவதும் இசைக்கப்படும் என்று பொருள் கொள்ள முடியாது. ஒரே பயணத்திற்குள்ளேயே இது மாறுவதுண்டு. 1980இல் வந்த 'த ரிவர்' இரட்டை ஆல்பத்தின் 20 பாடல்களையும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2016ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அமெரிக்க மேடைகளில் வரிசையாகப் பாடினார். பயணம் ஐரோப்பாவை அடைந்தபோது அந்த ஏற்பாடு பெரும்பாலும் கைவிடப்பட்டது. வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2017இல் யூ2 குழு முதலில் தன் ஆரம்பகாலப் பாடல்கள் சிலவற்றை இசைத்து, பிறகு 1987ஆம் ஆண்டின் 'த ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தை மூல வரிசையிலேயே எடுத்துக்கொண்டு, அதன் பின்னரே பிற்காலப் பாடல்களுக்கு வந்தது. மெட்டாலிகா 2012இல் ஐரோப்பாவில், 1991இல் வந்த தன் 'பிளாக் ஆல்ப'த்தைக் கடைசிப் பாடலிலிருந்து முதல் பாடலை நோக்கித் தலைகீழாக இசைத்தது. ஆல்பத்தின் புகழ்பெற்ற முதல் பாடல் முடிவில் வருமாறு அமைத்த அந்த ஏற்பாடு நல்ல யோசனை என்றே கருதுகிறேன்.

மேடையில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை 1994ஆம் ஆண்டுப் பயணத்தின் சில இரவுகளில் பிங்க் ஃபிளாய்ட் முழுமையாக இசைத்தபோது அதன் பாடலாசிரியரான ரோஜர் வாட்டர்ஸ் அங்கே இல்லை. 2006 முதல் 2008 வரை வாட்டர்ஸ் தம் சொந்தக் குழுவோடு அதை இசைத்தபோது, பிங்க் ஃபிளாய்டின் மற்றொரு பாடகரான டேவிட் கில்மோரின் குரலில் நாம் கேட்டுப் பழகிய பகுதிகளை வேறு பாடகர்கள் பாடினார்கள். இரண்டுமே கேட்கத் தகுந்தவைதாம். ஆனால் எது நமக்குக் கிடைக்கப் போகிறது என்று தெரிந்து போகிறவர் ஏமாற மாட்டார்.

நிகழ்ச்சிக்கு முந்தைய வாரங்களில் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, இடையில் எதையும் தாண்டாமல், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். நெடுநாள் ரசிகர்களுக்கே இது பயிற்சியாகத்தான் இருக்கும். ஏனென்றால் நாம் விரும்பும் நான்கைந்து பாடல்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருப்போம். இசைத்தட்டுக் காலத்து ஆல்பமாக இருந்தால், முதல் பக்கம் எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருபது நிமிட இசைதான் தரம் கெடாமல் அடங்கும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க, ஒவ்வொரு சுற்றிலும் ஊசி கடக்கும் பள்ளத்தின் நீளம் குறைகிறது; அதனால் கூரிய, உரத்த ஒலிகள் அங்கே எளிதில் சிதைந்துவிடும். பக்கத்தின் தொடக்கத்தில் முழக்கமான பாட்டும் முடிவில் அமைதியான பாட்டும் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். தட்டைத் திருப்பிப் போடுவதற்கான அந்த இடைவெளி இன்று நம் செவிக்கு மறந்துபோயிருக்கலாம், ஆனால் பாடல்களின் வரிசை அதை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டது. முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் முடிந்ததும் குழு மூச்சு வாங்குகிறதா, பாடகர் பேசுகிறாரா, அல்லது நேரே அடுத்த பாடலுக்குள் நுழைந்துவிடுகிறதா என்று அன்று கவனியுங்கள். ஆல்பத்தை அவர்களே எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

நீங்கள் வழக்கமாகத் தாண்டிவிடும் பாடல்களுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அவையே அன்றைய இரவின் அரிய பகுதிகள். 'த ஜோஷுவா ட்ரீ'யில் உள்ள 'ரெட் ஹில் மைனிங் டவுன்' என்ற பாடலை, ஆல்பம் வெளிவந்து 30 ஆண்டுகள் வரை யூ2 எந்த மேடையிலும் இசைத்ததில்லை. 2017இல்தான் அது முதன்முறையாக மேடை ஏறியது. மெட்டாலிகாவின் 'த ஸ்ட்ரகிள் விதின்' பாடலும் அப்படியே 2012 வரை காத்திருந்தது. புகழ்பெற்ற பாடல்களை அக்குழுக்கள் ஆயிரம் முறை இசைத்துக் கை பழகியிருக்கும். இப்படிப்பட்ட பாடல்களையோ இசைக் கலைஞர்களே புதிதாகக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எண்ணிக்கையைத் தவறவிடாமல், கவனம் குவித்து இசைப்பதைக் காண வேறு வாய்ப்பு அமையாது. அந்த நேரத்தில் எழுந்து வெளியே போகாதீர்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே குரலை இரண்டு முறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். ஒரே கலைஞர் மூன்று கிதார் பகுதிகளை வாசித்திருப்பார். மேடையில் அதற்கு ஆட்களைக் கூட்ட வேண்டும், அல்லது பாட்டை மாற்றி அமைக்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் பீச் பாய்ஸ் பாடினாலும், வாத்தியங்களைப் பெரும்பாலும் கூடத்துக் கலைஞர்களே வாசித்தார்கள்; 2000இல் அக்குழுவின் பிரயன் வில்சன் அதை முழுமையாக மேடைக்குக் கொண்டுவந்தபோது பெரிய குழு ஒன்றையே உடன் அழைத்து வந்தார். பாடகருக்கு வயது ஏறியிருந்தால் சுருதி அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கப்பட்டிருக்கும். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இளமையில் எழுதிய வரியை முதிர்ந்த குரல் பாடும்போது அதற்கு வேறு கனம் வந்து சேர்கிறது. பதிவை அப்படியே நகலெடுக்கும் நிகழ்ச்சியைவிட அதுவே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், ஒலிப் பொறியாளரின் மேசைக்கு அருகே, முடிந்தவரை மேடையின் நடுக்கோட்டில் நில்லுங்கள். அவர் அங்கே கேட்பதை வைத்துத்தான் ஒலிக் கலவையைச் சரிசெய்கிறார். முன்வரிசையில் முகங்கள் தெரியும், ஆனால் சில சமயம் பாட்டு டிரம்ஸில் மூழ்கிவிடும். திறந்த மைதானத்தின் கடைசியில் இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தூரமே செல்வதால், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸ் அடிக்கும் கை விழுந்த பிறகு கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்துத்தான் அடி கேட்கும்.

காதுகளைக் காத்துக்கொள்வதில் அலட்சியம் வேண்டாம். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பணியிடங்களுக்காக வகுத்த வரம்பின்படி, 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அது 15 நிமிடமாகச் சுருங்கிவிடும். ராக் கச்சேரிகள் 100 டெசிபெல்லை எளிதில் தொடுகின்றன. எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழச் சீராகக் குறைக்கும், இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. நுரை அடைப்பானாக இருந்தால், அதை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியிருங்கள். சரியாகப் பொருந்தினால் உங்கள் சொந்தக் குரல் தலைக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும்.

ஒரு பாடல் அடுத்ததோடு இடைவெளியின்றி இணையும் ஆல்பங்களில், கைதட்டலை அந்த இணைப்புகளில் அடக்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால் ஒரு பாடலோடு நிறுத்துங்கள். ஆல்பம் ஒற்றைத் தட்டாக இருந்தால் முக்கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். மீதி நேரம் வேறு பாடல்களுக்கு உரியது என்பதால், கடைசிச் சுரம் கேட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பெரிய கடமை முடிந்த குழு அதன் பிறகுதான் இளகி, நினைத்ததை இசைக்கத் துணியும். எந்தப் பாட்டில் என்ன மாறியது என்று அன்றிரவே குறித்து வைத்து, சில நாள் கழித்து மூலப் பதிவை அந்தக் குறிப்புகளோடு கேளுங்கள். காதில் இரைச்சல் ஒரு நாளைத் தாண்டியும் நீடித்தால், அதைத் தள்ளிப் போடாமல் காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.