வீடு பறிபோகும் முன்பே கவுன்சிலுக்குப் போங்கள்

இங்கிலாந்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கடிதம் கொடுத்தால், அன்றைக்கே உங்கள் பகுதிக் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். சாமான்களோடு தெருவில் நின்றால்தான் கவுன்சில் திரும்பிப் பார்க்கும் என்ற பேச்சு நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, இன்னும் 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவருக்கு, விசா அனுமதித்தால், அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலின் கடமை. இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா, நோய் இருக்கிறதா என்பது நிபந்தனை அல்ல.

வீடு போன பிறகுதான் சல்லடைக் கண் சிறிதாகிறது. உடனடித் தங்குமிடத்துக்குப் பிள்ளைகள் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள், முதுமையாலோ நோயாலோ நலிந்தவர்கள் போன்றோரே தகுதி பெறுகிறார்கள். தனியாக வந்த திடகாத்திரமான இளைஞருக்கு அப்போது பெரும்பாலும் ஆலோசனையும் வீடு தேட உதவியும்தான் மிஞ்சும். ஆகவே அவர்தான் எல்லோரையும் விட முந்திப் போக வேண்டும்.

கவுன்சிலின் மதிப்பீட்டு நேர்காணலில் நம்மைக் கெடுப்பது கூச்சம். "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால், "பரவாயில்லை, ஓடுகிறது" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். தாலிக்கொடியை அடகு வைத்துப் போன மாத வாடகை கட்டியிருந்தால், அதைச் சொல்லுங்கள். சீட்டுக்காசு, ஊருக்கு அனுப்பும் பணம், சுவரில் பூஞ்சணம் பிடித்த அறையில் இளைப்போடு தூங்கும் பிள்ளை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மொழிபெயர்க்கப் பத்து வயது மகளைக் கூட்டிப்போகாதீர்கள். அவள் முன்னால் பாதியை விழுங்கிவிடுவீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

என் பார்வையில், முதலில் கைகொடுக்கப்பட வேண்டியவர்கள் இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். சாதாரண வாடகைதாரரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றிப் பூட்டை மாற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்து, சமையலறையையோ குளியலறையையோ உங்களோடு பகிர்ந்துகொண்டால், பொதுவாக அந்தப் பாதுகாப்பு கிடையாது. நியாயமான அவகாசம் தந்துவிட்டு அனுப்பிவிடலாம். நம்ம ஆட்கள்தானே என்று ரசீது இல்லாமல் கையில் காசு கொடுப்பதால், இவர்களிடம் எழுத்துச் சான்றும் இருப்பதில்லை. இனியாவது வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். போகச் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் தொண்டு செய்பவர்கள், இப்படி அறையெடுத்து இருக்கும் குடும்பங்களைத் தேடிப்போய் விசாரிக்க வேண்டும். அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள்.

ஒருபோதும் நீங்களாக முந்திக்கொண்டு வெளியேறாதீர்கள். இருக்க உரிமையுள்ள வீட்டை விட்டுப் போனால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் முடிவெழுதலாம். அடி உதைக்குத் தப்பி ஓடுபவருக்கு இது பொருந்தாது.

அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு இந்த உதவிகள் உண்டு. உள்துறை அமைச்சகத் தங்குமிடம் முடிகிறது என்ற கடிதம் வந்த நாளே கவுன்சிலுக்குப் போகலாம். ஆனால் உறவினர் லண்டனில் இருந்தாலும், அமைச்சகம் கடைசியாக உங்களைக் குடியமர்த்திய ஊரோடுதான் சட்டம் உங்களைப் பொதுவாகத் தொடர்புபடுத்தும்.

வேலை விசா, மாணவர் விசாவில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பொது நிதியை (அரசு உதவித்தொகை, கவுன்சிலின் வீட்டு உதவி போன்றவற்றை) பெறத் தடை இருக்கும். விண்ணப்பிக்கும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பிடமோ குடிவரவு வழக்கறிஞரிடமோ கேளுங்கள். பிள்ளைகள் இருந்தால் கதவு முற்றாக மூடிவிடவில்லை. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் சமூக சேவைப் பிரிவு குடும்பத்துக்கு இடமும் பணமும் தர முடியும், அது பொது நிதியாகக் கணக்கிடப்படாது.

கவுன்சில் மறுத்தால் முடிவை எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனை கோர 21 நாட்கள் உண்டு. கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஷெல்டர் போன்ற, வீடற்றோருக்கு உதவும் தொண்டு அமைப்பின் ஆலோசகரைத் தேடுங்கள்.