பழைய காரில் பெட்ரோல் வாடை: ஓவர்ஃப்ளோ ஆனால் செய்யக் கூடாதவை

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 2000-க்கு முன் வந்த கார்புரேட்டர் மாருதி 800 எல்லாம் நெல்லைச் சீமையில் இன்னும் பல வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மட்டும் வெளியே எடுக்கிற வண்டிகளும் உண்டு. இப்படிப்பட்ட வண்டி செல்ஃப் அடித்தால் இருமும், பிடிக்காது, பெட்ரோல் வாடை மட்டும் குப்பென்று வரும். இதற்குப் பெயர் ஓவர்ஃப்ளோ. சிலிண்டருக்குள் போகிற காற்றுக்குத் தேவையானதை விடப் பெட்ரோல் அதிகமாகப் போய் பிளக் நனைந்துவிட்டது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினைந்து பங்கு போலக் காற்று இருந்தால்தான் சரியாக எரியும்.

முதல் தவறு ஆக்சிலேட்டரில் நடக்கிறது. பிடிக்கவில்லை என்றதும் கால் தானாகப் போய் அதை மிதி மிதியென்று மிதிக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் அது ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே அடிக்கும், இன்ஜின் ஓடாவிட்டாலும் அடிக்கும். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கும் இழுத்தபடி இருந்தால் கேட்கவே வேண்டாம். கூடவே செல்ஃபை விடாமல் இழுத்தால் பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடேறும். "செல்ஃபப் போட்டு இந்த இழு இழுக்காதிய அண்ணாச்சி" என்று மெக்கானிக் கத்துவது இதற்குத்தான்.

சரியான வழி இதற்கு நேர் எதிரானது. சோக்கை முழுசாக உள்ளே தள்ளுங்கள். ஆக்சிலேட்டரை ஒரே மிதியாகத் தரை வரை அழுத்தி அப்படியே பிடியுங்கள், பம்ப் அடிக்க வேண்டாம். இப்போது காற்று வழியை மூடித் திறக்கிற திராட்டில் முழுசாகத் திறந்து காற்று நிறையப் போகும். ஐந்து முதல் பத்து விநாடி செல்ஃப், பிறகு அரை நிமிடம் ஓய்வு. மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் கறுப்புப் புகையோடு இருமிக்கொண்டு பிடித்துவிடும். பிடித்ததும் காலை மெதுவாக எடுங்கள். ஆனால் பானட்டைத் திறந்து பார்க்கும்போது பெட்ரோல் கீழே சொட்டினால் செல்ஃப் பக்கமே போகக் கூடாது.

சித்திரை வெயிலில் வருகிற தொல்லை வேறு. நாங்குநேரியிலிருந்து நல்ல வேகத்தில் ஓட்டி வந்து, வண்ணாரப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகாது. நிறுத்திய இன்ஜினின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, வழிந்து, இன்ஜினுக்குள் போகிற குழாயான மேனிஃபோல்டுக்குள் இறங்கியிருக்கும். இங்கே பலர் சோக்கை இழுக்கிறார்கள். சோக் குளிர்ந்த இன்ஜினுக்கு மட்டும்தான். பானட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் ஆறவிட்டு, மேலே சொன்னபடி ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்து அடியுங்கள். சிலசமயம் பெட்ரோல் குழாயிலேயே ஆவி அடைத்துக்கொள்ளும். அப்போது வாடை இருக்காது, பிளக்கும் காய்ந்திருக்கும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் போதும். சூடான இன்ஜின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், இரும்பு விரிசல் விடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லதுதான். நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ, காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கரி படிந்திருந்தால் நெடுநாளாகவே பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. ஆனால் அதைத் தீக்குச்சி வைத்துக் கொளுத்திக் காயவைக்கிற பழக்கத்தை விடுங்கள். துணியால் துடைத்து வெயிலில் வைத்தால் நம்ம ஊரில் பத்து நிமிடம்கூட ஆகாது. பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து உள்ளே இருப்பதை வெளியேற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் புகைபோலப் பீய்ச்சி வரும்போது பக்கத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும். அடித்து முடித்தபின் ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விடுவது நல்லது. பெட்ரோல் கழுவிக்கொண்டு போன ஆயில் படலம் திரும்பிவிடும், கம்ப்ரஷனும் ஏறும்.

இதுவரை சொன்னது கால் தவறாலும் வெயிலாலும் வருவது. வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் வாடை போகவில்லை என்றால் அது வேறு நோய். இதையும் "ஓவர்ஃப்ளோதான், ஓட்டினா சரியாயிரும்" என்று ஓட்டுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன்.

மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற நீடில் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொள்ளும், அல்லது தூசி சிக்கிச் சரியாக மூடாது. அந்த வால்வை மூடவைக்கிற மிதவையான ஃப்ளோட் ஓட்டை விழுந்து அதற்குள் பெட்ரோல் ஏறினாலும் இதே கதை. ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் நீடில் விடுபடும். ஒரு தடவை தட்டலாம். ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டியிருந்தால் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டும், பெட்ரோல் ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் ஹோஸ். இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டியின் ரப்பர் இதற்காகச் செய்ததல்ல, ஊதும், வெடிப்பு விடும். வெடித்த இடத்தில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டுவது கைவைத்தியத்திலேயே மோசமானது. அந்த ரப்பரைப் பெட்ரோல் தின்றுவிடும். பெட்ரோலுக்கென்றே வருகிற ஹோஸும் புது கிளிப்பும் வாங்கினால் செலவு சொற்பம்தான். டேங்க் ஒழுகலில் சோப்பைத் தேய்ப்பதும் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைக்குத்தான்.

ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. இன்ஜினே இயக்குகிற மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பம்பைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் இருப்பவர்கள் ஆனி, ஆடிக் காற்றில் ஏர் ஃபில்டரையும் அடிக்கடி பாருங்கள். மண் அடைத்த ஃபில்டர் சோக் இழுத்தது போலத்தான் வேலை செய்யும்.

வாடை அடிக்கிற வண்டியை மூடிய ஷெட்டில் விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். காலையில் போய் லைட் சுவிட்சைத் தட்டினால் அந்தப் பொறியே போதும். கசிவு சரியாகும் வரை வேப்பமரத்தடியிலேயே நிற்கட்டும், பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு.