பழைய டிவி சேனலைப் பிடிக்கிறது, ஆனால் காலையில் காணோம்

லண்டன் ஹாரோவில் பெரியம்மா வீட்டில் 2009-ல் வாங்கிய டிவி. கூரை ஆன்டெனாவில் ஃப்ரீவியூ, அதாவது யுகே-வின் இலவச டிஜிட்டல் டிவி. ஆட்டோ டியூன் போட்டால் நூறைத் தாண்டி எண்ணிக்கை ஓடும், படமும் வரும். மறுநாள் காலை போட்டால் 'சேனல் இல்லை'. மூன்று ஞாயிறு இதற்கே போயின. நீங்களாவது ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

1. மெனுவில் நாடு 'யுகே' என்று இருக்கிறதா, ஆன்டெனா ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் இருந்தால் கழற்றி வையுங்கள். எனக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் அது கெடுதல்தான் செய்யும். பூஸ்டர் காசில் டபிள்யூஎஃப்100 என்ற நல்ல ஆன்டெனா கேபிள் வாங்கலாம்.

2. பழைய பட்டியலை அழியுங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மொபைலுக்குப் போனதால், 2020 ஆகஸ்டுக்குள் ஃப்ரீவியூ ஏறக்குறைய முழுவதும் 21 முதல் 48 வரையிலான யுஎச்எஃப் எண்களுக்கு (கோபுரங்கள் ஒளிபரப்பும் அலைவரிசை எண்கள்) வந்துவிட்டது. சில பழைய டிவிகள் அதற்கு முந்தைய பட்டியலை விடாமல் பிடித்துக்கொண்டு, புதியதை அதன் மேலேயே அடுக்கும். ஆன்டெனாவைப் பிடுங்கிவிட்டு ஆட்டோ டியூன் போடுங்கள். ஒன்றும் கிடைக்காது, அதுதான் வேண்டும். கடைசியில் 'பழைய பட்டியலை வைத்துக்கொள்ளவா?' என்று டிவி கேட்டால் 'வேண்டாம்' கொடுங்கள். நான் பழக்கதோஷத்தில் ஓகே அழுத்தினேன். முதல் ஞாயிறு அப்படிப் போனது.

3. ஆன்டெனாவைச் செருகி மேனுவல் டியூன் செய்யுங்கள். ஆட்டோவில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் கோபுரத்தின் சேனல்களும் சேர்ந்து வந்தன. ஒரே சேனல் இரண்டு முறை கிடைத்தால் ஒன்று பட்டியலில் 800-க்கு மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். லண்டனின் முக்கிய கோபுரமான கிரிஸ்டல் பேலஸுக்கு 23, 26, 25, 22, 28 என்று யுஎச்எஃப் எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். 30-ல் எச்டி சேனல்கள். அவை டிவிபி-டி2 என்ற புதிய ஒளிபரப்பு முறையில் வருபவை, 2009 டிவிக்குத் தெரியாது. அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். வேறு கோபுரம் என்றால் எண்களும் வேறு. ஃப்ரீவியூ தளத்தில் போஸ்ட்கோட் கொடுத்தால் தெரிந்துவிடும்.

(கோடையில் காற்றழுத்தம் கூடியிருக்கும் நாட்களில் டியூன் செய்யவே செய்யாதீர்கள். எங்கோ தொலைவில் உள்ள கோபுரமெல்லாம் உள்ளே நுழையும்.)

4. என்னை உண்மையில் கவிழ்த்த இடம் இதுதான். எல்லாம் சரியாகச் செய்தும் காலையில் பட்டியல் காலி. மூன்றாவது ஞாயிறு அங்கேயே தங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. படுக்கப் போகும் முன் பெரியம்மா சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார், ஊரில் செய்வது போலவே. இந்த டிவியோ பட்டியலை ஸ்டாண்ட்பைக்குப் போகும்போதுதான் மெமரியில் எழுதுகிறது. அதனால் டியூன் முடிந்ததும் மெனுவை விட்டு வெளியே வந்து, ரிமோட்டால் அணைத்து, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் சுவர் சுவிட்சை அணைத்தாலும் அழிவதில்லை. பெரியம்மா இன்றும் அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், இத்தனையும் செய்தும் நிற்கவில்லை என்று எழுதினார். விசாரித்தால், அவர் டிவி 'ஷாப் மோட்'-இல் இருந்தது. கடையில் காட்சிக்கு வைப்பதற்கான அமைப்பு அது. நாம் மாற்றுவதையெல்லாம் தானே பழையபடி ஆக்கிவிடும். 'ஹோம் மோட்'டுக்கு மாற்றிய பிறகு அவருக்கும் சரியானது.

இன்னொருவர் டிவியில் எதுவுமே பலிக்கவில்லை. மெமரி சிப் போயிருக்கலாம். மூடியைத் திறக்காதீர்கள் என்றேன். ஒரு ஃப்ரீவியூ எச்டி பெட்டி வாங்கி எச்டிஎம்ஐ-யில் மாட்டிக்கொண்டார். இப்போது பழைய டிவியிலேயே எச்டி சேனல்களும் பார்க்கிறார்.