வாடிக்கையாளரைக் கூட்டாளியிடம் விட்டுவிடாதீர்கள்

கோவையிலும் திருப்பூரிலும் ஆலை இயந்திரங்களுக்கான சென்சார், மென்பொருள் என்று தொழில் தொடங்கும் இளைஞர்கள் வியட்நாமுக்கோ வங்கதேசத்துக்கோ போக நினைத்ததும் முதலில் தேடுவது ஓர் உள்ளூர்க் கூட்டாளியை. தேடுவது சரிதான். அயல்நாட்டார் என்பதைவிட, அங்குள்ள தொழில் உறவுகளுக்கு வெளியே நிற்பதே பெரிய தடை என்று சுவீடன் ஆய்வாளர்கள் யொஹான்சனும் வால்னேவும் 2009-இல் எழுதினார்கள். தவறு அதற்குப் பிறகு நடக்கிறது. கூட்டாளி கிடைத்த மகிழ்ச்சியில் வாடிக்கையாளரை மொத்தமாக அவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பையிங் ஏஜென்ட், அதாவது அயல்நாட்டு நிறுவனங்களுக்காகச் சரக்கு வாங்கித் தரும் இடைத்தரகர், மூலம் ஆர்டர் எடுத்துப் பழகிய ஊர் திருப்பூர். பின்னலாடையில் அது நடக்கும். துணியின் எடை, அளவு, தையல் எல்லாம் எழுத்தில் வந்துவிடும். மென்பொருளுக்கு அப்படி யாரும் எழுதித் தர மாட்டார்கள். இரவு ஷிப்டில் ஆபரேட்டர் எந்தத் திரையில் திணறுகிறார், எந்த எச்சரிக்கை ஒலியை அணைத்துவைக்கிறார் என்று பார்த்துத்தான் அடுத்த பதிப்பைச் செய்ய முடியும். கூட்டாளி விற்பனைக் கணக்கை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் பொருள் வளராது. பழுதுப் புகார்கள் நேராகக் கோவைக்கு வர வேண்டும், நம் பொறியாளர் ஆலைக்குள் போக அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

முழு நாட்டுக்குமான தனி விற்பனை உரிமையை ஐந்தாண்டுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதிக்கு, ஓராண்டுக்கு, இவ்வளவாவது விற்க வேண்டும் என்ற அளவோடு கொடுத்தால் போதும். அந்த அளவை எட்டாவிட்டால் உரிமை தானாக முடிய வேண்டும்.

"காப்புரிமையை நாங்களே இங்கே பதிந்துவிடுகிறோம்" என்று கூட்டாளி சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது. காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, இந்தியாவில் வசிப்பவர் அயல்நாட்டில் விண்ணப்பிக்கும் முன் இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இல்லையேல் முன் அனுமதி பெற வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும். வணிகக் குறியையும் (டிரேட்மார்க்) கூட்டாளி பெயரில் பதியவிட வேண்டாம். வணிகக் குறிகளைப் பல நாடுகளில் பதிவதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான மாட்ரிட் நெறிமுறையில் இந்தியா 2013-இல் சேர்ந்துவிட்டதால், இங்கே பதிந்த அல்லது விண்ணப்பித்த குறிக்கு ஒரே விண்ணப்பத்தில் அதில் சேர்ந்த பல நாடுகளில் பாதுகாப்பு கேட்கலாம்.

தகராறு வந்தால் கோவை நீதிமன்றம் என்று எழுதிவைப்பதும் கைகொடுக்காது. அந்தத் தீர்ப்பை அயல்நாட்டில் நிறைவேற்றுவது பெரும்பாடு. நடுவர் தீர்ப்பாயம், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே இரு தரப்பும் ஏற்கும் நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை (ஆர்பிட்ரேஷன்), என்று எழுதுங்கள். 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதன் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கலாம். வியட்நாமும் வங்கதேசமும் அதில் சேர்ந்தவை.