ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி கட்டாயம்: நிர்வாகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற எவரும் வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி போட்டிருக்க வேண்டும், அதை ஆஸ்பத்திரி நிர்வாகம் வேலைக்கான நிபந்தனையாகவே கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்பதற்கு முன்னால் நிர்வாகம் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பாதியைக்கூடச் செய்யாமல் ஒரு சர்க்குலரை மட்டும் அனுப்பி, "இந்தத் தேதிக்குள் போடாதவர்கள் எச்.ஆர். வந்து பார்க்கவும்" என்று முடித்துவிட்டால், ஊசியும் ஏறாது, ஊழியர்களுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தொற்றுத் தடுப்பு வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் தொடங்குவது "ஃப்ளூ தானே, சளி ஜுரம் தானே" என்கிற எண்ணத்தில். ஐப்பசி மழை நேரத்தில் ஒரு மெடிக்கல் வார்டை நினைத்துப் பாருங்கள். பென்னாகரத்திலிருந்து மூச்சுத்திணறலோடு வந்த பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார், வருஷக்கணக்காக பீடி குடித்த நுரையீரல். நெபுலைசர் மாஸ்க் மூக்கில் சரியாக உட்காரவில்லை என்று நைட் டூட்டி சிஸ்டர் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து எலாஸ்டிக்கை இழுத்து விடுகிறார். சிஸ்டருக்கு மாலையிலிருந்தே உடம்பு வலி. ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், ஏனென்றால் அன்றைக்கு நைட்டுக்கு மாற்றாள் கிடையாது. ஃப்ளூ வந்தவர் தனக்கு அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே கிருமியைப் பரப்ப ஆரம்பித்துவிடுகிறார், தெரிந்த பிறகும் 5 முதல் 7 நாள் வரை பரப்புகிறார். சிஸ்டர் நாலு நாளில் தேறி எழுந்துவிடுவார். பெரியவர் ஐ.சி.யூ.வுக்குப் போகலாம். டயாலிசிஸ் பிரிவு, பிரசவ வார்டு, பச்சிளம் குழந்தைகள் பிரிவு, கீமோ போடுகிற இடம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் நம் மத்திய சுகாதார அமைச்சகமும் ஃப்ளூ ஊசிக்கு முன்னுரிமை தர வேண்டியவர்கள் பட்டியலில் சுகாதார ஊழியர்களைச் சேர்த்திருக்கின்றன.

அடுத்த தவறு, ஊசியைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வது. "இதைப் போட்டுக்கங்க, இந்த வருஷம் ஜுரமே வராது" என்று சொல்லிப் போட வைத்தால், கார்த்திகையில் அந்த நர்ஸுக்கு வேறு ஏதோ வைரல் ஜுரமோ டெங்குவோ வரும், அதோடு ஊசியின் பெயர் கெட்டுப்போகும். நம் மாவட்டங்களில் மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே சுற்றுகிறது என்பதை மறக்கக்கூடாது. உண்மை இதுதான்: ஊசியில் இருக்கும் கிருமி ரகமும் ஊரில் பரவும் கிருமி ரகமும் நன்றாகப் பொருந்துகிற வருஷத்தில், டாக்டரிடம் போகிற அளவுக்கு ஃப்ளூ வரும் ஆபத்தை அது சுமார் 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. பொருந்தாத வருஷத்தில் அதைவிடக் குறைவு. மீறி வந்தாலும் நோய் கடுமையாகிற வாய்ப்பு குறைகிறது. இதை மறைக்காமல் சொன்னால் ஊழியர்கள் போட மாட்டார்கள் என்று சில நிர்வாகிகள் பயப்படுகிறார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் முட்டாள்கள் இல்லை, நூற்றுக்கு நூறு வேலை செய்கிற மருந்து எதுவும் கிடையாது என்று தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள்.

"ஊழியர்கள் போட்டுக்கொண்டால் நோயாளிகள் சாவது இத்தனை சதவீதம் குறையும்" என்று ஸ்லைடு போட்டுக் காட்டுவதும் அப்படித்தான். முதியோர் இல்லங்களில் நடந்த சில ஆய்வுகளை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குகள் நம்ப முடியாத அளவுக்கு ஊதிப் பெருத்தவை என்று 2017இல் ஆய்வாளர்களே விமர்சித்து எழுதியிருக்கிறார்கள், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் மறுஆய்வும் அந்த ஆதாரம் பலவீனமானது என்றே சொல்கிறது. அப்படியானால் ஊசி வேண்டாமா? வேண்டும். ஊழியருக்கு ஃப்ளூ வருவது குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை. தனக்கே வராத கிருமியை யாரும் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது, மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பாதி வார்டு லீவு போடுகிற நிலைமையும் குறையும். இந்த அளவே போதுமான காரணம். கேட்கிற ஊழியரில் ஒருவர் அந்த விமர்சனத்தைப் படித்திருந்தால், ஊதிச் சொன்ன ஒரு எண்ணுக்காக நீங்கள் சொன்ன மற்ற எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

"ஊசி போட்டதாலதான் ஜுரம் வந்துச்சு" என்கிற பேச்சுக்கு எரிச்சலோடு பதில் சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். தசையில் போடுகிற வழக்கமான ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் ஃப்ளூ வராது. ஆனால் கை வலிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் லேசான ஜுரமும் உடம்பு வலியும் இருக்கும், அது பொய் இல்லை. அப்புறம், ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகிறது. அந்த இடைவெளியில் தொற்றிக்கொண்டவர் ஊசியைத்தான் குறை சொல்வார். இதை முன்கூட்டியே சொல்லி, நைட் டூட்டிக்கு முந்தின நாள் ஊசி போடாமல், லீவுக்கு முந்தின நாள் போட ஏற்பாடு செய்தால் பாதிச் சண்டை வராது.

நேரம் பற்றி நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அமெரிக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு அக்டோபர் கடைசியில் ஆர்டர் போடுகிறார்கள். இந்தியா முழுக்க ஃப்ளூ ஒரே மாதத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. டெல்லி, புனே போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறுகிறது. சென்னையிலும் நமக்குப் பக்கத்து வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அக்டோபர் கடைசியில் ஆர்டர் போட்டு, சரக்கு வந்து, முகாம் நடத்தி, அதற்கு மேல் இரண்டு வாரம் காத்திருந்தால் தீபாவளி முடிந்து சீசனும் பாதி முடிந்திருக்கும். அதோடு ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரு கூப்பிடு தூரம். சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் தினமும் போய் வருகிற கூட்டம் அங்கே பரவுவதை இங்கே உடனே கொண்டுவந்துவிடும். ஆகவே ஆகஸ்ட்டில் ஆர்டர், செப்டம்பருக்குள் எல்லோருக்கும் ஊசி என்று வைத்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்தெந்த ரகங்களைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. வாங்கும்போது பெட்டியில் எந்த வருஷத்து எந்தக் கலவை என்று பாருங்கள். போன வருஷச் சரக்கு தள்ளுபடியில் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள், வருஷா வருஷம் ரகம் மாறுவதால்தான் இந்த ஊசியை வருஷா வருஷம் போடுகிறோம்.

இப்போது நான் மிக மோசமானதாக நினைக்கிற தவறுக்கு வருகிறேன். ஊசியைக் கட்டாயமாக்கிவிட்டு, காசை ஊழியர் தலையில் கட்டுவது. தனியாரில் ஒரு ஃப்ளூ ஊசி ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. காரிமங்கலத்திலிருந்து காலை ஐந்தரை பஸ் பிடித்து வந்து, வார்டு துடைத்து, பெட்பேன் எடுத்து, நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கிற ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு அது சில நாள் கூலி. அவர் காண்ட்ராக்டரின் ஆள், ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. சர்க்குலரில் "அனைத்து ஊழியர்களும்" என்று இருக்கும், இலவச ஊசி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்று இருக்கும். அந்த அக்காவும் செக்யூரிட்டியும் லிஃப்ட் ஆபரேட்டரும் கேண்டீன் பையனும் கணக்கிலேயே இல்லை. ஆனால் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று பார்த்தால், ரவுண்ட்ஸில் வந்து போகிற டாக்டரைவிட அந்த அக்காதான் அதிக நேரம் இருக்கிறார். கிருமிக்குக் காண்ட்ராக்ட், நிரந்தரம் என்கிற பாகுபாடு தெரியாது. கட்டாயம் என்று சொன்ன நிமிஷமே செலவு முழுக்க ஆஸ்பத்திரியுடையது, டூட்டி நேரத்திலேயே போட வேண்டும், மூன்று ஷிஃப்டுக்கும் வார்டுக்கே கொண்டுவந்து போட வேண்டும். ஓ.பி. முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வரிசையில் நில்லுங்கள் என்றால் நைட் டூட்டி பார்த்துவிட்டுப் போனவர் வரவே மாட்டார்.

இதோடு ஒட்டியது லீவு. ஊசி கட்டாயம், ஆனால் ஜுரத்தோடு இருப்பவருக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது என்றால் அந்த உத்தரவில் நேர்மை இல்லை. ஊசி போட்ட எல்லோருக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்று மேலே பார்த்தோம். அதனால் ஜுரம், இருமலோடு இருக்கிற ஊழியர் வீட்டில் இருப்பதுதான் நோயாளிக்கு உண்மையான பாதுகாப்பு. ஒரு நாள் லீவுக்கு ஒரு நாள் கூலி போகும் என்றால், வருகைப் போனஸ் கழியும் என்றால், யாராக இருந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரத்தான் செய்வார்கள். முன்னே சொன்ன நைட் டூட்டி சிஸ்டரைக் குறை சொல்லி என்ன பயன்? ரோஸ்டரில் மாற்றாள் வைக்காதது யார்?

டாக்டர்களுக்கு விலக்கு கொடுப்பது இன்னொரு பெரிய தவறு. வெளியே யாரும் விலக்கு என்று எழுதுவதில்லை, கேட்காமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வாரம் இரண்டு நாள் வந்து போகிற விசிட்டிங் கன்சல்டன்ட்டிடம் "சார், ஊசி போட்டாச்சா?" என்று கேட்க நர்சிங் சூப்பிரண்டென்டுக்குத் தயக்கம். முதல் நாள் முகாமில் முதல் ஊசி மெடிக்கல் டைரக்டர் கையில் ஏறட்டும், சீனியர் டாக்டர்கள் எல்லோர் முன்னாலும் போட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு மற்றவர்களிடம் கேட்பதற்கு ஒரு தகுதி வருகிறது.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால்? உடனே மெமோ, சம்பளம் பிடித்தம், வேலை நீக்கம் என்று போவது சட்டப்படியும் ஆபத்து, மனித உறவுப்படியும் ஆபத்து. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் வருகிறது, யாரையும் வற்புறுத்தி ஊசி போட வைக்க முடியாது என்று சொன்னது. அதே தீர்ப்பில், பொது சுகாதாரத்துக்காக அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை நியாயமாகவும் தேவைக்கு அளவாகவும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அது கொரோனா ஊசி பற்றிய வழக்குதான். ஆனாலும் ஒரு நிர்வாகம் தன் விதியை எழுதும்போது அந்த 'அளவு' என்கிற சொல்லைக் கண்முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டு அனுபவமும் இரண்டு பக்கமும் பேசுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரிதான் அங்கே முதன்முதலில் எல்லா ஊழியர்களுக்கும் ஃப்ளூ ஊசியைக் கட்டாயமாக்கியது. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதல் வருஷத்திலேயே 97.6 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள், வேலையை விட்டுப் போனவர்கள் மிக மிகச் சிலர். நர்ஸுகள் சங்கம் மட்டும் அதை எதிர்த்துப் போராடி வென்றது. கனடாவின் ஒன்டாரியோவிலோ "ஊசி போடு, இல்லையேல் சீசன் முழுக்க மாஸ்க் போடு" என்கிற விதியை, போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி 2015இலும் 2018இலும் தொழில் தகராறுகளைத் தீர்க்கிற நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். ஆக, கட்டாயம் எண்ணிக்கையை ஏற்றும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஊழியர்களைக் கலந்து பேசாமல் எழுதிய விதி பிரச்சினையில்தான் போய் நிற்கும்.

நடைமுறையில் நான் சொல்வது இது. வேண்டாம் என்பவரோடு தனியாக உட்கார்ந்து காரணம் கேளுங்கள். பல நேரம் அது பயமாக இருக்கும், அல்லது வீட்டில் யாரோ சொன்னதாக இருக்கும். கர்ப்பமாக இருக்கிறேன் என்று தயங்கினால், கர்ப்பிணிகளுக்குத்தான் இந்த ஊசி முக்கியமாகப் பரிந்துரைக்கப்படுகிறது என்று மகப்பேறு டாக்டரை வைத்தே சொல்ல வையுங்கள். முட்டை ஒவ்வாமை என்று சொன்னால் உடனே பெயரை அடித்துவிடாதீர்கள், இப்போதைய அமெரிக்கப் பரிந்துரையில் முட்டை ஒவ்வாமை ஒரு தடையே இல்லை. முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்குப் போடக்கூடாது, ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே என்கிற நரம்பு நோய் வந்த வரலாறு இருந்தால் டாக்டர் யோசித்து முடிவெடுக்க வேண்டும். இதற்குப் பிறகும் மறுத்தால், ஃப்ளூ சீசனில் ஐ.சி.யூ., டயாலிசிஸ், பச்சிளம் குழந்தைகள் பிரிவு போன்ற இடங்களில் இருந்து சம்பளம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற்றுங்கள். கட்டாயத்தையும் முதலில் இந்தப் பிரிவுகளில் தொடங்குங்கள், பில்லிங் கவுன்டரில் தொடங்காதீர்கள். மறுத்த காரணத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதோ ஊசி போடாதவர்கள் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் விடுவதோ கூடவே கூடாது.

கடைசியாக ஃப்ரிட்ஜும் பதிவேடும். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். டூட்டி ரூம் ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில், ஃப்ரீசரை ஒட்டி வைப்பதும், கரண்ட் போனபோது எவ்வளவு நேரம் போனது என்று யாரும் குறிக்காததும் சின்ன ஆஸ்பத்திரிகளில் சகஜம். அப்படிக் கெட்ட ஊசியைப் போட்டுவிட்டு நூறு சதவீதம் முடித்தோம் என்று கணக்கு காட்டினால் யாருக்கும் லாபம் இல்லை. போட்ட ஒவ்வொருவருக்கும் தேதி, கம்பெனி, பேட்ச் நம்பர் எழுதிய ஒரு அட்டையைக் கையில் கொடுங்கள். நம் பக்கத்து நர்ஸுகள் ஆறு மாதத்தில் ஓசூருக்கோ பெங்களூருக்கோ மாறிப்போகிறவர்கள், அட்டை இருந்தால் அங்கே மறுபடியும் ஒருமுறை கையை நீட்ட வேண்டியிருக்காது.